சந்தனம் பட்ட கண்ணாடி

இந்தத் தாளில் பொய் எங்கே இருக்கிறது? ஒரு வரியிலும் இல்லை. பதிவு இந்த மெஷினிலிருந்து எடுக்கப்பட்டது. மெய். அதை யாரும் திருத்தவில்லை. மெய். அன்றைக்கு மெஷின் நல்ல நிலையில் இயங்கியது. அதுவும் மெய்தான். தன் கண்ணாடிமேல் இருந்த ரேகையைப் படித்தது, அந்த ரேகைக்கு உரியவர் பெயரைச் சொன்னது. ஒரு மெஷின் வேறென்ன செய்ய வேண்டும்? அப்படியிருக்க, என் கை மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது?

புதுவாயல் கூட்டுரோட்டில் லாரிகள் கிளப்பிய புழுதிக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுமலதா நின்றிருந்தாள். கையெழுத்துப் போடாத சான்றிதழ் அவள் கைப்பைக்குள் இருந்தது. எச்.ஆர். மேனேஜர் துளசிராமன் காரில் வந்து ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். திருவள்ளூரில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் இன்று விசாரணை. அவர்களுடைய இரும்புக் கம்பெனியில் ஹெல்பராக இருந்த ராஜமாணிக்கம் ஷெட் கூரையிலிருந்து விழுந்து செத்தது வேலை நேரத்தில்தான் என்று அவர் மனைவி செண்பகம் தொடுத்த வழக்கு. அவர் முன்பே வேலை முடித்து வெளியே போய்விட்டார், பிறகு மதில் ஏறிக் குதித்துத் திருட்டுத்தனமாக உள்ளே வந்திருக்கிறார் என்பது கம்பெனியின் பதில். அந்தப் பதில் நிற்பது ஒற்றைக் காலில். வாசலில் இருக்கும் கைரேகை மெஷினில், ராஜமாணிக்கம் வெளியேறியதாகக் காட்டும் பதிவு. அந்த மெஷினுக்குக் கம்பெனியில் பொறுப்பாளர், வருகைக் கணக்கைக் கவனிக்கும் டைம் ஆபீஸில் வேலை பார்க்கும் சுமலதா.

காலையில் பார்த்திபனிடம் சொல்லிப் பார்த்தாள். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவள் புருஷன், ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டான்.

"நீ இன்னா ஜட்ஜா? மெஷினு சொல்லுது. ஆமாம், சொல்லிச்சுன்னு நீ ஒரு கையெழுத்து போடப் போற. இதுக்குப் போயி நைட்டு பூரா பொரண்டுக்கினு கெடந்த."

"அவரு உள்ளதாங்க இருந்தாரு. நான் பாத்தேன்."

"பாத்தியான்னு உன்ன யாருனா கேட்டாங்களா? கேக்காததுக்கெல்லாம் பதில் சொல்லிக்கினு இருந்தா நம்ம பொழப்பு பேஜாராயிடும் சுமா."

அவன் கெட்டவன் இல்லை. அவனுடைய வேலையும் கான்ட்ராக்ட்தான். எந்த வாரம் வேண்டுமானாலும் வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம். அவள் சம்பளம் ஒன்றுதான் மாதாமாதம் தவறாமல் வருவது. இதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். சொல்லாமல், அவள் டிபன் பாக்ஸையும் சேர்த்துக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

கார் வந்தது. முன் சீட்டில், டிரைவர் பக்கத்தில், துளசிராமன். பின்னால் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு விமல், மெஷினை நிறுவிய சென்னைக் கம்பெனியின் இன்ஜினீயர். அவள் ஏறியதும் நகர்ந்து இடம் விட்டான். முகத்தைப் பார்க்கவில்லை.

விமல் முதன்முதலில் வந்த நாள் வேறு மாதிரி இருந்தது. அப்போது பழைய மெஷின். தொழிலாளர்களின் ரேகைகளை அது அப்படியே படமாக வைத்திருந்தது. ஒரு லேபர் கான்ட்ராக்டர் அதையெல்லாம் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போய், பசையில் விரல்களை வார்த்து, வராத ஆட்களுக்கெல்லாம் வருகை போட்டுச் சம்பளம் வாங்கியிருந்தான். வெளியே தெரிந்தபோது சந்தேகம் விழுந்தது ரேகையைப் பறிகொடுத்தவர்கள் மேல்தான். என் விரல் இன்னும் எங்கெங்கே போய் என்னென்ன செய்கிறதோ என்று ஆட்கள் கையைப் பார்த்துப் பார்த்து நின்றார்கள். அதற்குப் பிறகுதான் புது மெஷின் வந்தது.

"பாஸ்வேர்டு திருடு போனா மாத்திக்கலாம். விரல எங்க போயி மாத்துவீங்க?" என்று ஷெட்டுக்குள் எல்லோரையும் நிற்க வைத்து விமல் கேட்டான். புது மெஷின் ரேகையைப் படமாக வைக்காது. அதை எண்களாக அரைத்து, ரகசிய எண் ஒன்றோடு பிசைந்து பூட்டிவிடும். பூட்டியதிலிருந்து விரலைத் திரும்ப எடுக்க முடியாது. வந்தது, போனது என்று ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு முத்திரை. அதற்குள் முந்திய பதிவின் முத்திரையும் கலந்திருக்கும். நடுவில் ஒன்றைத் தொட்டால் பின்னால் உள்ள அத்தனை முத்திரையும் உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். பழைய பதிவைத் திறந்து பார்ப்பதற்கே இரண்டு ரகசியச் சொற்கள் வேண்டும். ஒன்று மேனேஜருக்கு, ஒன்று சுமலதாவுக்கு.

கூட்டத்திலிருந்து ராஜமாணிக்கம் கையைத் தூக்கினார். "என் ரேகைய நானே கேட்டாகூட குடுக்க மாட்டீங்களா சார்?"

"என்னாலயே எடுக்க முடியாதுங்க."

"இன்னா சார் இது, அடவு கடைல தாலிய வச்சாகூட திருப்பிக்கலாமே!"

ஷெட்டே சிரித்தது. விமலும் சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சுமலதா முன்னால் வந்து, தன் பங்குக்கு நாலு வார்த்தை சொன்னாள். இனிமேல் உங்கள் நேரத்தில் யாரும் கைவைக்க முடியாது. சூப்பர்வைசர் நினைத்தாலும் முடியாது, நான் நினைத்தாலும் முடியாது. இந்த மெஷின் பொய் சொல்லாது.

அதைச் சொல்லும்போது அவளுக்குள் ஒரு பாரம் இறங்கியது. அது வரைக்கும் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் சூப்பர்வைசர்கள் அவள் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார்கள். இவனுக்கு அரை மணி குறை, அவனுக்கு ஓவர்டைம் வெட்டு. ஒவ்வொருவரிடமும் முடியாது என்று அவளே சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் மனசுக்குள் அவர்களோடு வாதாடிக்கொண்டிருப்பாள். புது மெஷின் வந்த பிறகு ஒரே வாக்கியம் போதுமாயிருந்தது: மெஷின் விடாது சார். நேர்மையாக இருப்பதற்குத் தைரியம் தேவைப்படாத ஒரு காலம் வந்துவிட்டது என்று அவள் நம்பினாள். தன் வாழ்க்கையிலேயே நிம்மதியான காலம் அதுதான் என்றும் நினைத்துக்கொண்டாள். அந்த நிம்மதியைப் பற்றி இப்போது யோசித்தால் கூச்சமாக இருந்தது. யாரோ சமைத்துப் போட்டதைத் தன் கைப்பக்குவம் என்று சொல்லிக்கொண்டு திரிந்த மாதிரி.

கார் பெரியபாளையத்தைத் தாண்டியது. கோயிலுக்குப் போகிறவர்கள் வேப்பிலைக் கட்டோடு சாலையைக் கடந்தார்கள்.

"கையெழுத்து போட்டுட்டியாம்மா?" துளசிராமன் திரும்பாமலே கேட்டார்.

"இன்னும் இல்ல சார்."

"நீ போட்டாத்தான் செல்லும். நான் போட்டா கம்பெனிக்காரன் போட்டதுன்னு செண்பகத்தோட வக்கீல் குதிப்பான். வெறும் பேப்பரும் வேணாமாம். ஆபீசர் முன்னாடியே பதிவத் தொறந்து காட்டணும்னு கேட்டுக்கிறான். நம்ம ரெண்டு பேரும் நம்ம நம்ம வார்த்தைய டைப் பண்ணணும், விமல் காட்டிடுவாரு. பத்து நிமிஷத்துல டிபன் சாப்பிடப் போயிடலாம்."

"சார், நான் உங்ககிட்ட அன்னிக்கே சொன்னேன். அந்தப் பதிவு அவரு வச்சது இல்ல."

"மறுபடியும் ஆரம்பிக்காத."

அவள் ஆரம்பிக்கவில்லை. அது தானாகவே, தினமும், அவளுக்குள் ஆரம்பித்து ஓடிக்கொண்டிருந்தது.

ஆயுத பூஜையன்று மதியத்தோடு வேலையை நிறுத்திவிட்டார்கள். சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாக மெஷின் மெஷினாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவர் ராஜமாணிக்கம்தான். ஹெல்பர் என்றால் சொன்னதையெல்லாம் செய்ய வேண்டியதுதான்.

"இன்னா ராஜமாணிக்கம், பாஸ்டர் கோச்சிக்க மாட்டாரா?" என்று அவள் சீண்டினாள்.

"லேத்துக்கு வைக்கிறேன் மேடம், எனக்கா வச்சிக்கினேன்? நீங்க போட்டுக் குடுக்காம இருந்தா சரி." வாசல் மெஷினுக்கு வந்ததும் அவர் தயங்கினார். "இதுக்கு நெத்தி எது மேடம்?"

பொரிப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள். "எங்கனா வைங்க."

பொட்டு வைத்துப் பழகியவர்கள் மோதிர விரலால் தொட்டு வைப்பார்கள். சர்ச்சுக்குப் போகும் அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. கட்டை விரலைச் சந்தனத்தில் முக்கி, கண்ணாடி நடுவில் நன்றாக அழுத்தினார். தினமும் அங்கே வைக்கிற விரல் அதுதான். கை தானாகப் போயிருக்கும். "மீண்டும் முயற்சிக்கவும்" என்றது மெஷின். ஈரச் சந்தனம் அதற்குப் பிடிபடவில்லை. "பாருங்க மேடம், ஒரு பொட்டு பத்தலியாம் இதுக்கு" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அவள் கிளம்பும்போது சந்தனம் காய்ந்து வெளுத்திருந்தது. பொட்டுக் கலையாமல் ஓரத்தில் தொடலாமென்று விரலை நீட்டினாள். தொடுவதற்கு முன்பே, கை நெருங்கியதற்கே, பச்சை விளக்கு எரிந்தது. "ராஜமாணிக்கம். வெளியே. நன்றி" என்றது மெஷின். காய்ந்த சந்தனத்தில் கோடு கோடாக அவர் ரேகை அச்சாக நின்றிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஈரத் துணியால் துடைத்துவிட்டு வைத்தபோது அவள் பெயர் வந்தது. லீவு முடிந்ததும் மேனேஜரிடம் சொல்லித் திருத்தக் குறிப்பு ஒன்று சேர்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினாள். திரும்பிப் பார்த்தால், ஷெட் ஓரமாக ராஜமாணிக்கம் ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு போய்க்கொண்டிருந்தார்.

"ஊட்டுக்குப் போலியா?" என்று இங்கிருந்தே கத்தினாள்.

"கூரைல ஷீட்டு மாத்தணுமாம் மேடம். கிரேன் ஓடாதப்பதான ஏற முடியும்? சூப்பர்வைசர் நிக்கச் சொல்லிக்கிறாரு."

வெயிலில் நைந்துபோன பிளாஸ்டிக் ஷீட். கால் வைத்ததும் உடைந்துவிட்டது. யாரையும் ஏறச் சொல்லவில்லை என்றார் சூப்பர்வைசர். ஏணி பிடித்த ஒடிசாப் பையன்கள் இருவரையும் மறுநாளே ரயிலேற்றி அனுப்பிவிட்டார்கள். பூஜைக்காக மெயின் ஸ்விட்சை அணைத்திருந்ததால் கேமராவில் ஒன்றுமில்லை. பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த வாசல் மெஷின் மட்டும் சாட்சியாக மிஞ்சியது. திருத்த முடியாத, அழிக்க முடியாத, யாராலும் அசைக்க முடியாத சாட்சி.

"விமல், நீங்களே சொல்லுங்க" என்றாள், பக்கத்தில் இருந்தவனிடம். "இது நடக்கக்கூடியதுதான?"

விமல் லேப்டாப் மூடியைத் தடவிக்கொண்டிருந்தான். "எங்க சிஸ்டத்துல ஒண்ணும் ஒடையல மேடம். முத்திரை எல்லாம் சரியா இருக்குது. பூட்டும் சரியா இருக்குது."

"உள்ள போனதே தப்பா இருந்தா?"

"உள்ள போனத நாங்க காப்பாத்துவோம் மேடம். அது இன்னான்னு..." என்றவன் துளசிராமனின் பின்னந்தலையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

துளசிராமன் இப்போது திரும்பினார். குரலில் கோபம் இல்லை. "ஏம்மா, வைக்கிறது உசுருள்ள தோலா இல்லையான்னு அந்த மெஷினு முதல்ல பாத்துக்கினுதான இருந்துது? அத நிறுத்தச் சொன்னது யாரு?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஃபர்னஸ் ஆளுங்களுக்கு வெரல் காஞ்சு தேஞ்சு கெடக்குது, மெஷினு தள்ளுது, க்யூல நின்னே அரை நாள் சம்பளம் போவுதுன்னு மெயில் போட்டது நீ. விமல் நிறுத்துனாரு. நல்ல மனசுதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா மெஷினு தப்புன்னு நீ வாயத் தொறந்தா அந்த மெயிலு வெளிய வரும். தப்பு யாரு தலையில விழும்? நானா எடுக்கல. என்ன எடுக்க வைக்காத."

ஜன்னலுக்கு வெளியே நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல்கள் பளபளத்து ஓடின. அந்த மெயிலை எழுதிய நாள் அவளுக்கு நினைவிருந்தது. க்யூவில் நின்றவர்களின் கைகளை ஒவ்வொன்றாகத் தன் கையில் எடுத்து, தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்து, மறுபடி வைக்கச் சொன்ன நாள். நல்லது செய்யப்போய்த் திறந்த கதவு. அதன் வழியாகத்தான் இது உள்ளே வந்திருக்கிறது. அப்படியானால் அவரைத் தள்ளியதில் எனக்கும் பங்கு உண்டா? இல்லை, தள்ளியது கூரை. நான் தள்ளப்போவது இனிமேல்தான் என்று அவளுக்குள் ஏதோ சொன்னது. அவள் அதைக் கேட்காத மாதிரி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

திருவள்ளூர் அலுவலக வராந்தாவில் பெஞ்சுகள் நிறைந்திருந்தன. துளசிராமன் கம்பெனி வக்கீலைத் தேடிப் போனார். விமல் லேப்டாப்புக்கு பிளக் தேடினான். தூணோரம் நின்றிருந்த பெண் ஒருத்தி நேராக அவளிடம் வந்தாள். சாவு வீட்டில் பார்த்தது. அப்போது இன்னும் கொஞ்சம் சதை இருந்தது முகத்தில். செண்பகம்.

"மேடம், உங்களாண்ட ஒண்ணு கேக்கணும்."

கூப்பிட்டுச் சத்தம் போடுவாள், சாபம் விடுவாள் என்று சுமலதா எதிர்பார்த்தாள். அதற்குத் தயாராகவும் இருந்தாள். செண்பகம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவரு மெய்யாலுமே வெளிய போனாரா மேடம்?"

சுமலதா துளசிராமன் போன பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"கேசுக்கு கேக்கல. கேசு எங்க வக்கீல் பாத்துக்குவாரு. எனக்குத் தெரியணும். பூஜை முடிஞ்சி வந்துடறேன்னுதான் சொல்லிக்கினு போனாரு. வெளிய போனவரு எங்க போனாரு? யாரு ஊட்டுக்குப் போனாரு? ஞானஸ்நானம் வாங்குன நாள்லருந்து குடிய தொடலன்னு சத்தியம் பண்ணுவாரு. மறுபடியும் குடிச்சாரா? எங்க நாத்தனாரே பேசுது மேடம், எவளையோ பாக்கப் போயிருப்பாருன்னு. இரும்பு திருட வந்தாருன்றாங்க. எம் பெரிய பொண்ணு ஸ்கூலுக்குப் போவ மாட்டேன்னு குந்திக்கினுக்குது."

"செண்பகம்..."

"நானும் இல்ல, இல்லன்னுதான் எல்லாராண்டயும் சண்ட போட்டேன். ஆனா ராத்திரில நெனப்பு வருது. அந்த மெஷினு பொய் சொல்லாது, சுமலதா மேடமே சொல்லிக்கிறாங்கன்னு அவருதான் எனக்கு சொன்னாரு. அப்ப மெஷினு சொல்றது மெய்தான? அவரு எங்கிட்டதான் பொய் சொல்லிக்கினு இருந்தாரா இத்தினி வருஷமும்?"

அவள் அழவில்லை. உண்மையிலேயே பதில் தெரிந்துகொள்ளக் கேட்டாள். ஒரு கணக்குச் சரியாக வராதவள் போல, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சுமலதாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவரை ஷெட்டிலிருந்து தூக்கிக் கொண்டுவந்தபோது உடம்பாவது இருந்தது என்று சுமலதா நினைத்தாள். இதோ, இப்போது, இவள் மனசுக்குள்ளிருந்து அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டிருக்கிறார்கள். குடிகாரர், திருடர், எவள் வீட்டுக்கோ போனவர். தோண்டிப் புதைத்த பிறகும் விடாமல். அந்தப் பூட்டுக்குள் இருப்பது ஒரு நேரம், ஒரு பெயர், ஒரு முத்திரை, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தாள். இந்தப் பெண்ணின் வீடும் அதற்குள்தான் கிடக்கிறது.

"சுமலதா!" வராந்தாவின் மறு கோடியிலிருந்து துளசிராமன் கையை ஆட்டினார். "வாம்மா, கூப்பிடப் போறாங்க."

"இங்கயே இருங்க. போயிடாதீங்க" என்று செண்பகத்தின் மணிக்கட்டைத் தொட்டுவிட்டு நடந்தாள். தைரியம் வந்துவிட்டதாகத் தோன்றவில்லை. மாதக் கடைசிகளில் சூப்பர்வைசர்கள் வந்து நிற்கும்போது வந்துகொண்டிருந்த அதே பயம்தான். பார்த்திபன் சாயங்காலம் என்ன சொல்வான் என்று ஒரு பக்கம் மனசு ஓடியது. வாடகை, பால்காரர், தன் வேலையும் போனால் என்று இன்னொரு பக்கம்.

ஜன்னல் திட்டின் மேல் லேப்டாப் திறந்திருந்தது. துளசிராமன் முதுகால் மறைத்து நின்று தன் ரகசியச் சொல்லை அடித்துவிட்டு நகர்ந்தார்.

"ஆபீசர் முன்னாடி தடுமாற வேணாம், ஒரு தபா தொறந்து பாத்துக்கலாம் மேடம்" என்றான் விமல். "உங்களோடத அடிங்க." அவள் அடிக்கும்போது பார்க்கக் கூடாது என்பதற்காக ஒழுங்காக முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அந்தப் பேப்பர எடும்மா, அதையும் முடிச்சிடலாம்." துளசிராமன் பேனாவைத் திறந்து நீட்டினார்.

சுமலதா கைப்பையிலிருந்து தாளை எடுத்தாள். மடிப்பை நீவி, லேப்டாப்பின் எழுத்துக் கட்டைகள் மேல் வைத்தாள். பேனாவை வாங்கவில்லை.

"இல்ல சார்."

"இன்னா இல்ல?"

"நான் போடல."

அவர் சுற்றிப் பார்த்தார். குரலை ரொம்பவும் இறக்கினார். "கையெழுத்து வேணாம்னா விடு. நான் வக்கீலாண்ட பேசிக்கிறேன். வார்த்தைய மட்டும் அடி, அது இல்லாம பதிவு தொறக்காது. அது கூடவா முடியாது?"

விமல் முகத்தை இன்னும் திருப்பியபடியே நின்றிருந்தான். உள்ளேயிருந்து டவாலிச் சேவகர் வந்து வழக்கின் பெயரைக் கூப்பிட்டார். தூணோரத்திலிருந்து செண்பகம் நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"அதுவும் இல்ல சார்" என்றாள் சுமலதா.